கையில்லாமல் நின்ற காஹல்

பிரோனா மக்கெர்னனின் அடக்கப் பூசையில், போன வருடம் மாற்றலாகி வந்த இளம் சாமியார் அவளை "மன்னிக்கத் தெரிந்த மனுஷி" என்று புகழ்ந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "ஃபாதர், நீங்க வேற யாரயோ பொதைக்க வந்திருக்கீங்க" என்று சொல்லியிருப்பேன். என் மகள் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள். பூசை முடிந்து டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்த இடத்தில் நாலு பேர் வந்து அதையே திருப்பிச் சொன்னார்கள். மலாக்கி ராஃபர்ட்டிக்கு அவள் கைகொடுக்கிற போட்டோ பேப்பரில் வந்ததல்லவா, அதை வைத்துக்கொண்டு ஊரே அவளைப் புனிதவதியாக்கப் பார்க்கிறது.

பொறுத்தது போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் பெயர் நுவாலா. அவளுக்கு எதிர்வீட்டுக்காரி. அந்தக் கைகொடுத்தலின்போது பக்கத்தில் நின்றவள் நான் ஒருத்திதான். அவள் என்ன சொன்னாள் என்று என் காதால் கேட்டேன்.

பிரோனா யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. யாரையும் மன்னித்ததும் இல்லை. நாங்கள் பள்ளியில் படிக்கும்போது சிஸ்டர் அஸம்ப்டா என்று ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் போட்டாள் என்று பிரோனாவை எல்லாருக்கும் முன்னால் பிரம்பால் விளாசினார். பிரோனா அழவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மாட்டுத்தொழுவத் திரை வரைகிற வேலை வந்தது. "கழுதைய நான் வரயறேன்" என்று தானாக வாங்கிக்கொண்டாள். நீண்ட மேலுதடு, பாதி மூடிய கண், மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய தடம். சிஸ்டரை அப்படியே கழுதையாக இறக்கியிருந்தாள். சிஸ்டரே திரைக்கு முன்னால் நின்று, "என்ன ஒரு சாந்தமான முகம்!" என்றார். ஹாலில் இருந்த எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அந்தத் திரை நைந்து போகும் வரை வருடா வருடம் அந்தக் கழுதை மேடையேறியது.

"அடிச்சா ஒரு நாள்தான்டி வலிக்கும்," என்றாள் என்னிடம். "வரஞ்சு வச்சா வருஷா வருஷம் வலிக்கும்."

அப்போதே எனக்கு லேசாகப் பயமாக இருந்தது.

வளர்ந்ததும் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாரம் முழுவதும் உருளைக்கிழங்குத் தோல் சீவுவாள். விடுமுறை நாளில் சுவர். எங்கள் பெல்ஃபாஸ்ட்டில் சுவர் என்றால் தெருக்கோடி வீட்டின் ஜன்னலில்லாத பக்கச்சுவர்தான். சிறையில் பட்டினி கிடந்து செத்தவர்கள், தெருவில் சுடப்பட்டவர்கள், பழைய கலகக்காரர்கள், எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். யாரும் அடியில் கையெழுத்துப் போடுவதில்லை. வரைந்த கை யாருடையதாக இருந்தாலும் சுவர் தெருவுக்குச் சொந்தம். ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவரிடம் கேட்காமல் ஒரு கோடு போடக் கூடாது. கேட்டால் அவரும் மறுக்கக் கூடாது. அவர் வீட்டு நடையில்தான் பெயிண்ட் டப்பாக்கள் இருக்கும், அவர் வீட்டுக் கெட்டிலில்தான் டீ கொதிக்கும், ஏணியை அவர்தான் பிடிக்க வேண்டும். அதுதான் எங்கள் தெரு வழக்கம்.

பிரோனாவின் தம்பி காஹலுக்குப் பதினேழு வயது. அவன் செத்த அன்று மத்தியானம் அவர்கள் அம்மா எனக்கு ஒரு பானை சூப் கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்கு அப்போது குழந்தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காஹல் கொண்டுவந்தான். பானையை அவன் கையிலிருந்து நான்தான் வாங்கினேன். "சூடு, பாத்துப் புடி நுவாலா," என்றான். பிறகு கடைப்பக்கம் போகிறேன் என்று இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனான். தெருமுனை திரும்பியதும் பிரிட்டிஷ் ராணுவ ஜீப்பிலிருந்து, கூட்டத்தைக் கலைக்கச் சுடுகிற பிளாஸ்டிக் குண்டு வந்து நெற்றிப்பொட்டில் அடித்தது. நான் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றக்கூட இல்லை, அதற்குள் பெண்கள் குப்பைத்தொட்டி மூடிகளைத் தரையில் அடித்து ஊரைக் கூட்டுகிற சத்தம் கேட்டது.

அவன் கையில் எரிகிற பெட்ரோல் பாட்டில் இருந்தது என்று ராணுவம் சொன்னது. அவர்கள் சொல்வார்கள், அது அவர்கள் பிழைப்பு. எங்களை உடைத்தது மரண விசாரணை.

அது இரண்டு வருடம் கழித்துத்தான் நடந்தது. நான் கூண்டில் ஏறி, வெறுங்கையோடு போனான் என்றேன். "உங்கள் வாசலிலிருந்து தெருமுனைக்கு அப்பால் தெரியுமா?" என்று வக்கீல் கேட்டான். தெரியாது. அத்தோடு என்னை இறக்கிவிட்டார்கள். அடுத்து, பெயர் சொல்லக் கூடாத ஒரு சாட்சி, தெருமுனையில் நின்று பார்த்த பொதுஜனமாம். ஆளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். அவன் எழுதிக்கொடுத்ததை ஒரு அதிகாரி வாசித்தார்: பையன் பாட்டிலை ஓங்கினான், திரி எரிந்துகொண்டிருந்தது. "இது உண்மையா?" என்று கேட்டபோது திரைக்குப் பின்னாலிருந்து "ஆமா" என்று ஒரு முனகல் வந்தது. ஊரில் யார் முனகினாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் அந்தத் திரை தரைவரை எட்டவில்லை. அடியில் ஒரு சாண் இடைவெளியில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ தெரிந்தது. இடது ஷூவின் முனையில், தையலை ஒட்டி, ஆரஞ்சுக் கறை.

பிரோனா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கியது.

விசாரணைக்கு முந்தின வாரம் ஈஸ்டருக்காக நடைபாதை ஓரக்கற்களுக்கு எங்கள் அயர்லாந்துக் கொடியின் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு அடித்துக்கொண்டிருந்தோம். கடையில் ஆரஞ்சு தீர்ந்துவிட்டது. பிரோனா மஞ்சளில் யார் வீட்டுக் கதவுக்கோ வாங்கிய சிவப்பை ஊற்றிக் கலக்கினாள். வந்தது டப்பாவில் அடைத்த சாமன் மீன் நிறம். தெருவே கேலி செய்தது. அந்த ஒரு வாளிதான், ஒரே ஒரு கல்லுக்குத்தான் அடித்தோம். அந்தக் கல்லின் மேல், பெயிண்ட் காய்வதற்குள், தன் ரொட்டி வேனிலிருந்து இறங்கிய மலாக்கி ராஃபர்ட்டி காலை வைத்துவிட்டான். "பாருங்கம்மா, செருப்பு வரைக்கும் நாட்டுப்பற்று ஏறிருச்சு எனக்கு," என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தீர்ப்பு ராணுவத்துக்குச் சாதகமாக வந்தது. நீதிமன்றப் படிக்கட்டில் பிரோனா கேட்டாள், "பாத்தியா?"

"பாத்தேன். இன்னிக்கே பையன்கள்ட்ட சொல்றேன். நாளைக்கு அவன் இருக்க மாட்டான்."

ராணுவத்தோடு மறைந்திருந்து சண்டை போட்டவர்களைத்தான் பையன்கள் என்போம். காட்டிக்கொடுத்தவனுக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் அன்றைக்கு ஒரு சங்கடமும் இல்லை.

"வாயத் தொறந்தேன்னு வை, நமக்குள்ள பேச்சே கிடையாது," என்றாள் பிரோனா. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "அவன் செத்தா காஹல் கையில அந்தப் பாட்டில் அப்பிடியே இருக்கும்டி, காலாகாலத்துக்கும். வச்சவனே எடுக்கணும். அது வரைக்கும் அவன் நல்லா இருக்கணும். நூறு வயசு இருக்கணும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மலாக்கி வீட்டுக்குப் போனோம். பிரோனா சோடா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டாள். ரொட்டி வேன்காரனுக்கு ரொட்டி! மலாக்கியின் வீடு தெருக்கோடி வீடு. அவன் பக்கச்சுவர் பெரிய சாலையைப் பார்த்து நின்றது. அவன் மனைவி ஃபிலோமினா நல்ல பெண், காஹலைத் தூக்கி வளர்த்தவள். எங்களைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள்.

"மிஸ்டர் ராஃபர்ட்டி, உங்க சுவரு வேணும்," என்றாள் பிரோனா. "காஹல வரயணும்."

மலாக்கி கோப்பையைக் கீழே வைத்தான். "சுவரா... அது ஓதம் ஏறிக் கெடக்கே பிரோனா. பெயிண்ட் நிக்காது."

"நீ சும்மா இரு மனுஷா!" என்று ஃபிலோமினா பாய்ந்தாள். "கல்யாணமானதுலேர்ந்து அந்த ஓதத்துலதான் நான் படுத்துக் கெடக்கேன், ஒரு நாள் கவலப்பட்டியா? இப்ப அந்தப் புள்ளைக்குக் குடுக்கணும்னா மட்டும் ஓதமா?"

"ஓதத்த நான் பாத்துக்கறேன் மிஸ்டர் ராஃபர்ட்டி," என்றாள் பிரோனா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி. "நாலு கோட் அடிச்சா எதையும் மறச்சிரலாம்."

மறுத்தால் தெரு 'ஏன்' என்று கேட்கும். அவனுக்கு அது தெரியும். தலையை ஆட்டினான்.

பள்ளி விடுமுறை விட்டதும் வேலையைத் தொடங்கினாள். சுவருக்கு வெள்ளை அடித்து, சாக்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கட்டம் போட்டோம். சுவர் வரைகிறவர்கள் மேலிருந்துதான் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் மேலே வடிகிற பெயிண்ட் கீழே வரைந்ததைக் கெடுத்துவிடும். பிரோனா ஏணியைத் தொடவில்லை. தரையில் முட்டி போட்டு, சுவரின் அடிமூலையில் தொடங்கினாள். "பைத்தியமா ஒனக்கு?" என்றேன். முதலில் ஒரு சாம்பல் திரையின் கீழ்விளிம்பு வந்தது. அதற்கு அடியில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ. பிறகு ஒரு பழைய டப்பாவைத் திறந்தாள். அந்த சாமன் நிறத்தில் மிச்சம் வைத்திருந்திருக்கிறாள். இடது முனையில் ஒரே ஒரு தீற்று.

அப்போதுதான் மலாக்கி டீத் தட்டோடு வந்தான். பார்த்தான். தட்டு சாய்ந்து கோப்பைகள் ஒவ்வொன்றாகச் சறுக்கி உடைந்தன. அவன் காலில் அதே ஷூ. டர்பன்டைன் போட்டுத் தேய்த்திருக்கிறான், தையலுக்குள் போனது போகவில்லை.

"பரவால்ல மலாக்கி," என்றாள் பிரோனா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவரை மிஸ்டர், அதுவரை நீங்க. அன்றிலிருந்து சாகும்வரை மலாக்கி, நீ. "வேற டீ போட்டுக் கொண்டா. அப்பிடியே ஏணிய எடுத்துட்டு வா."

அந்த ஷூவை அவன் பிறகு போடவே இல்லை. வீட்டுச் செருப்போடு வந்து ஏணியைப் பிடித்தான். அவள் உச்சியில் நின்று காஹலின் தலைமுடியை வரைகையில் ஏணி நடுங்கியது. காற்றால் அல்ல. அவன் முகத்தைப் பார்த்தேன். இவன் கையை விட்டால் அவள் கதை முடிந்தது. நான் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தேன்.

"நீ விடு நுவாலா," என்று மேலிருந்து குரல் வந்தது. "அவன் புடிக்கட்டும். கெட்டியாப் புடி மலாக்கி. நான் விழுந்தேன்னா என்ன பாத்தேன்னு ஒன்னத்தான் கேப்பாங்க. நீதான் சாட்சி சொல்றதுல கெட்டிக்காரனாச்சே."

ஏணி நின்றது. ஆடாமல் நின்றது. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

திறப்பு விழாவுக்குத் தெருப் பெண்கள் படுக்கை விரிப்புகளைத் தைத்துச் சுவரை மூடினோம். காஹலின் அம்மா கயிற்றை இழுத்தாள். விரிப்பு விழுந்தது. காஹல் நின்றான், கோணல் சிரிப்போடு, செத்த அன்று போட்டிருந்த நீலச் சட்டையோடு, உயிரோடு. ஆனால் சட்டைக் கையின் முனையில் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் வெறும் வெள்ளைச் சுவர்.

"ஐயோ, எம்புள்ளைக்குக் கை எங்கடி?" என்று அவன் அம்மா கத்தினாள்.

"வரும்மா," என்றாள் பிரோனா. "எடுத்தவன் திருப்பித் தருவான்."

கூட்டம் ராணுவத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக் கைதட்டியது. ஃபிலோமினாவும் தட்டினாள். மலாக்கியும் தட்ட வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே சிப்பாய்கள் ஜீப்பிலிருந்து பெயிண்ட் நிரப்பிய பாட்டில்களைச் சுவரில் எறிந்துவிட்டுப் போனார்கள். எல்லாச் சுவருக்கும் அதுதான் கதி. சுத்தம் செய்வது வீட்டுக்காரன் பொறுப்பு. மலாக்கி துணியோடு ஏணியில் ஏறி, காஹலின் கண்ணையும் வாயையும் ஒற்றி ஒற்றித் துடைத்தான். நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். மறுபடி எறிந்தார்கள். மறுபடி துடைத்தான். வாழ்க்கையில் சிப்பாய்களுக்கு நான் நன்றி சொன்னது அப்போதுதான்.

அவன் தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. வேறு வீடு கேட்டு வீட்டு வாரியத்துக்கு எழுதிப்போட்டான். ஃபிலோமினா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சண்டை போட்டாள்: "காஹல விட்டுட்டு எங்க போறது? நீ வேணா போ!" தெருவே வந்து அவனுக்குப் புத்தி சொன்னது. புத்தி சொன்னவர்களில் பிரோனாவும் உண்டு. "ஒன்ன மாதிரி வீட்டுக்காரன் எங்களுக்குக் கெடைக்குமா மலாக்கி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் படத்துக்கு மறுபூச்சு. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவன் ஏணி பிடித்தான். வேறு எதுவும் அவள் அவனிடம் கேட்டதில்லை. சொல்லு என்றுகூட ஒரு நாளும் கேட்டதில்லை. நானாக இருந்தால் முதல் மாதமே கழுத்தைப் பிடித்திருப்பேன்.

அவள் அம்மா போனபோது தெரு முழுக்க அஞ்சலிக்கு வந்தது. எங்கள் வழக்கம், துக்க வீட்டுக்காரர்களை வரிசையாகக் கைகுலுக்கி, "உன் துக்கத்துக்கு வருந்துறேன்" என்று சொல்லிப் போக வேண்டும். மலாக்கியும் வரிசையில் வந்தான். கையை நீட்டினான். பிரோனா தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல ஒருத்தனுக்குக் கையே இல்ல மலாக்கி," என்றாள், அவனுக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி. "அம்மா அதப் பாத்துக்கிட்டே செத்துருக்கா. மொதல்ல அவனுக்கு வரட்டும். அப்புறம் ஒனக்குக் குடுக்கறேன்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் சவப்பெட்டியின் ஓரத்தைத் தொட்டான்.

சண்டை நின்றது. சிப்பாய்கள் போனார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. வழிகாட்டிகள் மைக்கில், கையில்லாத இளைஞன் குரலற்ற மக்களின் குறியீடு என்று அளந்தார்கள். "குறியீடாம், இவனுங்க மூஞ்சி," என்பாள் பிரோனா. காமிராக்காரர்கள் மலாக்கியின் ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்ப்பார்கள். அவன் ரொட்டிக் கம்பெனி மூடிப் பல வருடமாகியிருந்தது. ஃபிலோமினாவும் எதையும் அறியாமலே போய்ச்சேர்ந்தாள். அவன் தனியாக அந்தச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து கிழவனானான்.

பழைய கேஸ்களை மறுபடி விசாரிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. காஹலின் கேஸும் எடுக்கப்பட்டது. ஒரு நாள் காலையில் நானும் பிரோனாவும் அவள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மலாக்கி கோட்டும் டையுமாக வாசலில் வந்து நின்றான்.

"வக்கீலுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றான்.

"தெர வேணும்னு கேட்டியா?" என்றாள் பிரோனா.

"இல்ல."

"சரி, போ."

கதவைச் சாத்திவிட்டுப் போய், மூலையிலிருந்த பெயிண்ட் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

விசாரணையில் மலாக்கி கைத்தடியோடு ஏறி, எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தான். பையன் கையில் என்ன இருந்தது என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு கையும் வெறுங்கை. வீசிக்கிட்டு வந்தான். என்னப் பாத்துக் கையத் தூக்கி 'என்ன மிஸ்டர் ராஃபர்ட்டி'ன்னான். அப்பத்தான் அடிச்சாங்க."

பின் ஏன் அப்படி எழுதிக்கொடுத்தீர்கள்?

"குடிச்சிட்டு வண்டி ஓட்டுனேன்னு புடிச்சு வச்சிருந்தாங்க. லைசென்ஸ் போயிருக்கும். ரொட்டி வேன் போயிருக்கும். இதுல கையெழுத்துப் போடு, அத மறந்துர்றோம்னாங்க."

ஒரு ரொட்டி வேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள். நான் எழுந்து அவன் மேல் காறித் துப்பியிருப்பேன், பிரோனா என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள். காஹல் குற்றமற்றவன், கையில் எதுவும் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

நாங்கள் தெருவுக்குத் திரும்புவதற்குள் செய்தி வந்துவிட்டது. மலாக்கி வீட்டு முன்னால் கூட்டம். இளவட்டங்கள் கல்லோடு நின்றார்கள். ஒரு ஜன்னல் ஏற்கெனவே போயிருந்தது. 'துரோகி வெளிய வாடா' என்று கத்தல். பேப்பர்க்காரர்களும் இருந்தார்கள்.

பிரோனா தன் வீட்டிலிருந்து பெயிண்ட் டப்பாக்களை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனாள்.

"கல்லக் கீழ போடுங்கடா. இந்த வீட்டத் தொட்டா என் சுவரத் தொட்ட மாதிரி."

"பிரோனா, இவன் ஒன் தம்பியக் காட்டிக்கு—"

"எனக்கே சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். போடுடா கீழ!" பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மலாக்கி! வெளிய வா. ஏணிய யாரு புடிப்பா?"

நீண்ட நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவன் வந்தான். அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் வந்து ஏணியைப் பிடித்தான். அவளும் கிழவிதான், ஒவ்வொரு படியாக ஏறினாள். வலது கை, இடது கை. விரித்த உள்ளங்கைகள், விரல்கள், கட்டைவிரலில் அவனுக்கிருந்த தழும்புகூட விடவில்லை. நான் அழுதேன். அந்தப் பானையை வாங்கிய கைகள் அவை.

இறங்கி வந்து துணியில் விரலைத் துடைத்தாள். பிறகு மலாக்கியிடம் கையை நீட்டினாள். அவன் நம்பாமல் பார்த்தான். இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு விசும்பினான். காமிராக்கள் மின்னின. கூட்டத்தில் ஒருத்தி "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பேப்பரில் வந்தது அதுதான். சாமியார் பார்த்தது அதுதான்.

நான் கேட்டது இது.

"சொன்ன சொல்லுக்காகக் குடுக்கறேன் மலாக்கி," என்றாள் பிரோனா. "அவ்ளோதான்."

"அப்ப அந்த ஷூ..." என்றான் அவன். குரல் குழந்தை மாதிரி இருந்தது. "அத அழிச்சிரு பிரோனா. சொல்லிட்டேனே. எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

"கை காஹலோடது. வாங்கிட்டேன். ஷூ ஒன்னோடது. அது இங்கதான் இருக்கும்."

அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, தரையில் முட்டி போட்டு, அந்த சாமன் நிற டப்பாவைத் திறந்தாள். மங்கியிருந்த கறையின் மேல் புதிதாக ஒரு தீற்று இழுத்தாள். அந்த ஷூ யாருடையது என்று அன்றைக்குத்தான் தெருவுக்குப் புரிந்தது.

அதன்பிறகு யாரும் அவன் மேல் கல் எறியவில்லை. எறிய வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பள்ளிக்கூடம் போகிற பொடிசுகள்கூட முதலில் ஷூவைப் பார்க்கும், பிறகு அவன் ஜன்னலைப் பார்க்கும். இன்னும் சில ஈஸ்டர்களுக்கு வந்து ஏணி பிடித்தான். ஒரு குளிர்காலத்தில் செத்தான். பிரோனா அவன் அடக்கத்துக்கு வரவில்லை, அன்று சுவரின் அடியில் உட்கார்ந்து ஷூவின் தையலுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளும் போய்விட்டாள். வரும் ஈஸ்டருக்குச் சுவரைப் புதுப்பிக்கும்போது, அவளுடைய மன்னிப்பின் நினைவாக அந்த ஷூவை வெள்ளையடித்து மூடிவிடலாம் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். சுவரைப் பார்த்துக்கொள்கிற தெருக் குழுவில் எல்லாரும் தலையாட்டினார்களாம்.

ஆட்டட்டும். சாமன் நிற டப்பா என் படுக்கைக்கு அடியில் இருக்கிறது. அவர்கள் மூடினால் மறுநாள் காலையில் நான் திருப்பி வரைவேன். எனக்குப் படம் வராது, ஆனால் ஒரு ஜோடி ஷூ வரும். அதற்கு ஏணியும் தேவையில்லை. முட்டி போட்டால் போதும், வலித்தால் வலிக்கட்டும்.